மூடிய குழாய்

அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் ரத்தம் கழுவ வேண்டும். செவ்வாய், வியாழன், சனி. 2020 செப்டம்பர் 3, வியாழக்கிழமை. டயாலிசிஸ் முடித்து அவரை ஷா ஆலம் வீட்டுக்குக் கூட்டிவந்த கொஞ்ச நேரத்தில் குழாயில் காற்றுதான் வந்தது.

சுங்கை சிலாங்கூரில் வாடை அடித்ததால் நான்கு சுத்திகரிப்பு ஆலைகளை நிறுத்திவிட்டார்களாம். கிட்டத்தட்ட 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லை. ராவாங் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கழிவு சுங்கை கோங் வழியாகக் கலந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். கோவிட் காலம் வேறு. கையைக் கழுவு, கழுவு என்று சொல்லிவிட்டுத் தண்ணியை நிறுத்தினால்? குழாயை மூடியவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். சனிக்கிழமை அப்பாவுக்கு என்ன செய்வது?

“லோரியில தண்ணி வருதாம்யா. பிடிச்சு நல்லா கொதிக்க வெச்சிட்டா போதும்” என்றார் அம்மா. தோட்டத்தில் வளர்ந்தவர். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உண்மைதான். ஆனால் ஈயம் போன்ற உலோகங்கள் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் செறிவுதான் கூடும்.

சனிக்கிழமை டயாலிசிஸ் நிலையத்துக்கு லோரி வந்திருந்தது. ஆனாலும் மிஸ்ஸி இயந்திரத்தைப் போடவில்லை. பின்னறையில் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். “தண்ணிதான் வந்துருச்சே, ஏன் லேட்டு?” என்றேன்.

“குடிக்கிற தண்ணி இல்ல தம்பி. அப்பா ரத்தத்துக்கிட்ட போற தண்ணி.”

நாம் ஒரு நாளைக்குக் குடிப்பது இரண்டு லிட்டர். டயாலிசிஸில் நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 120 லிட்டர் ஓடுகிறது. அதற்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே. குழாய்த் தண்ணீரில் நமக்கு ஒன்றும் செய்யாத குளோரின்கூட அவர்களின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதையும் வடிகட்டித்தான் அனுப்ப வேண்டும்.

காத்திருந்த நேரத்தில் கைப்பேசியில் கருவாரு பற்றிப் படித்தேன். பிரேசிலில் உள்ள ஊர். 1996 பிப்ரவரியில் அங்கே ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கு லோரியில் வந்த தண்ணீர் சரியாகச் சுத்திகரிக்கப்படவில்லை. நீர்த்தேக்கத்தில் படர்ந்த நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு அதில் இருந்தது. கல்லீரல் செயலிழந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே தண்ணீர் நிற்கவில்லை. வந்துகொண்டேதான் இருந்தது.

பல்கலைக்கழகத்தில் வாடை எண் என்று ஒன்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். ஒரு பங்கு மாதிரியில் இரண்டு பங்கு வாடையில்லாத நீரைக் கலந்த பிறகும் இலேசாக வாடை தெரிந்தால் அதன் எண் 3. அளக்கும் கருவி மனித மூக்கு. நான் திட்டியது, யாரோ ஒருவர் முகர்ந்து பார்த்து வேண்டாம் என்று சொன்னதற்காக. ஆனால் மூக்குக்குத் தெரியும் நஞ்சுக்குத்தான் அந்தக் காவல். ஈயத்துக்கும் ஆர்செனிக்குக்கும் வாடை கிடையாது. அவை ஆற்றில் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் காவல். அது ஆலையின் வேலையும் இல்லை, அம்மாவின் அடுப்பு வேலையும் இல்லை.

அன்று தண்ணீரை மிச்சம் பிடிக்க, அப்பாவுக்கு மூன்று மணி நேரம்தான் கழுவினார்கள். காரில் ஏறும்போது கால் வீக்கம் முழுசாக வடியவில்லை.

“வீட்டுல தண்ணி வந்துருச்சா?”

“இன்னும் இல்லப்பா. சோதிச்சுக்கிட்டு இருக்காங்க.”

“சோதிக்கட்டும்” என்று கண்ணை மூடிக்கொண்டார்.