நிறுத்திப் போட முடிகிற தறி

பல்லடம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் பார்த்த தறிக்குடோனில் ஓடியவை எல்லாமே நாடாத் தறிகள். தார்க்குச்சியில் சுற்றிய ஊடை நூலைச் சுமந்துகொண்டு மர நாடா இடமும் வலமுமாக அடிபட்டுப் பறக்கிறது. தார் தீர்ந்தால் தறி ஓட்டுகிற அக்கா தறியை நிறுத்தி, வேறு தார் போட்டு, மறுபடி ஓடவிடுகிறார். நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 ஊடை இழைகள் விழும். காற்றை அடித்தே நூலைக் கடத்தும் ஏர்ஜெட் தறியில் அது 600-ஐத் தாண்டும். நாடாத் தறிக்கு மூலவடிவம் 1842-இல் இங்கிலாந்தின் பிளாக்பர்னில் உருவான லங்காஷயர் தறி.

"புதுத் தறி போடலீங்களாண்ணா?" என்று உரிமையாளரிடம் கேட்டேன். அந்தச் சத்தத்தில் பேச முடியாது என்று வாசலுக்குக் கூட்டிவந்தார். நாடா இல்லாத புதுத் தறிகளான ரேப்பியரும் ஏர்ஜெட்டும் அவருக்குத் தெரியாதவை அல்ல. பக்கத்து ஊரில் ஓடுவதைப் போய்ப் பார்த்திருக்கிறார். விலை, வேகம், கரண்ட் செலவு எல்லாவற்றையும் விரல்விட்டுச் சொன்னார்.

"இந்தத் தறிய நிறுத்திப் போட்டா ஒண்ணுங் கேக்காதுங்க. லோன் போட்டு வாங்குன தறிய நிறுத்த முடியுங்களா? மாசம் பொறந்தா டியூ வந்து நிக்குமே."

இதைப் புரிந்துகொள்ள இங்குள்ள தொழில்முறையைப் பார்க்க வேண்டும். பாவு நூலும் ஊடை நூலும் அவருடையவை அல்ல. ஜவுளி உற்பத்தியாளர் நூல் கொடுக்கிறார். இவர் சாயமேற்றாத காடா துணியாக நெய்து கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார். நூல் விலை ஏறினாலோ, துணி தேங்கினாலோ பாவு வருவது நின்றுவிடும். கூலிப் பேச்சு முறிந்தாலும் தறி நிற்கும். 2022 தொடக்கத்தில் இந்த வட்டாரத் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. கடன் எப்போதோ அடைந்துபோன தறிக்கு இது நட்டமில்லாத ஓய்வு. தவணையில் இருக்கும் தறிக்கு இதே ஓய்வு திவால்.

மற்றக் கணக்குகளும் பழைய தறியின் பக்கமே சாய்கின்றன. பழுதானால் உள்ளூர் பிட்டர் வந்து சரிசெய்கிறார். உதிரிபாகம் கோவை வட்டாரத்திலேயே கிடைக்கிறது. ஏர்ஜெட்டுக்குக் கம்ப்ரசர் வேண்டும், கூடத்தில் ஈரப்பதம் சீராக இருக்க வேண்டும், அந்த வேகத்தைத் தாங்கும் நூலும் வேண்டும். நூலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ அவரிடம் இல்லை. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவச மின்சாரம் உண்டு. சின்னக் குடோனை ஓட்ட இது பெரிய உதவி. கம்ப்ரசர் வைத்த கூடத்துக்கு அது எந்த மூலைக்கு?

இந்தத் தறி பிறந்த பிளாக்பர்ன் இருக்கும் லங்காஷயர் வட்டாரத்திலும் இதே கதைதான் நடந்தது. 1890-களில் அமெரிக்காவின் டிரேப்பர் நிறுவனம், தார் தீர்ந்தால் தானே மாற்றிக்கொள்ளும் நார்த்ராப் தறியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க ஆலைகள் வேகமாக மாறின. லங்காஷயர் பல பத்தாண்டுகள் அசையவில்லை. அங்கே நூற்பவர் ஒருவர், நெய்பவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர். புதுத் தறிக்கேற்ற நூல் வேண்டுமென்றால் நூற்பாலையும் மாற வேண்டும். முதலில் மாறுகிறவர் செலவைச் சுமப்பார், பலன் மற்றவர்களுக்கும் பிரிந்து போகும். கடைசியில், 1929-இல், அந்த வட்டாரத்து ஓல்டாம் நகரின் இயந்திர நிறுவனமான பிளாட் பிரதர்ஸ் ஜப்பானின் டொயோடாவிடமிருந்து தானியங்கித் தறியின் காப்புரிமையை விலைகொடுத்து வாங்கியது. உலகத்துக்கே ஜவுளி இயந்திரம் விற்ற ஊர் அது.

பழைய தறிக்கும் விலை உண்டு. அதை உரிமையாளர் மட்டும் கொடுப்பதில்லை. அந்தச் சத்தத்திலேயே ஷிப்டு முழுக்க நிற்கும் அக்காவிடம் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. இழை அறுந்ததைக் கவனிக்கத் தவறினால் துணியில் பழுது விழும், கூலியில் பிடிப்பார்கள். அறுந்தால் தறி தானே நிற்கும் கருவிகளைப் பழைய தறியிலேயே பொருத்த மத்திய அரசின் பவர்டெக்ஸ் திட்டம் 2017 முதல் மானியம் தந்தது. தறியை மாற்றாமல் உழைப்பைக் குறைக்கும் அந்த வழி, இவர்களின் நிலைமைக்குப் பொருந்திய யோசனை.

புதுத் தறி வாங்க 1999 முதலே மத்திய அரசின் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் இருந்தது. மானியம் தறியின் விலையைத்தான் குறைக்கும். அடுத்த மாதம் பாவு வரும் என்று உறுதி தராது. இவ்வளவு மீட்டர், இந்தக் கூலி என்று உற்பத்தியாளர் மூன்று, நான்கு ஆண்டுக்கு எழுதிக் கொடுத்தால் வங்கிக்குப் போகத் தயார் என்றார் அண்ணன். அப்படி எழுதிக் கொடுக்க யாரும் இல்லாத வரை, நாடாத் தறியை வைத்திருப்பதைப் பழமைவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் போட்ட கணக்கு சரி. மாற வேண்டியது, அந்தக் கணக்கைச் சரியாக்குகிற வியாபார ஏற்பாடு.