ஓலையின் அகலம்

பருத்தித்துறைச் சந்தையில் மரக்கறி வரிசையைத் தாண்டி உள்ளே நடந்தேன். பனையோலைக் கடை கண்ணில் படுமுன்னே அதன் மணம் வந்துவிட்டது. புதுப்பாயில் படுத்து எழும்பியவர்களுக்கு அந்த மணம் தெரியும். மேலே கடகங்கள் கோத்துத் தொங்கின. கீழே சுளகுகள் அடுக்கியிருந்தன, ஓரத்தில் நீத்துப்பெட்டிகள். இன்னொரு பக்கம் மேசைவிரிப்பு, கைப்பை, பூச்சாடி உறை, மின்விளக்குக்குப் போடும் கூடு என்று புதுக்காலத்துச் சாமான்கள்.

துணி வடிவமைப்பு என்றதும் தறியும் நூலும் அச்சுக்கட்டையும்தான் நமக்கு ஞாபகம் வரும். வடமராட்சி வீடுகளில் விரித்ததும் மூடியதும் புடைத்ததும் சுமந்ததும் பெரும்பாலும் ஓலை. அதனால் இந்த ஊரின் நெசவை நான் தறியில் தேடவில்லை, இந்தக் கடையிலிருந்து தொடங்கினேன்.

ஒரு நீத்துப்பெட்டியை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். அடி ஒடுங்கி வாய் விரிந்த கூம்பு. அது பானை வாயில் அசையாமல் உட்கார வேண்டும், கொதிநீரின் ஆவியை உள்ளே விட வேண்டும், புட்டு மாவைக் கீழே சிந்தவிடக் கூடாது. மூன்று வேலையையும் ஒரே பின்னல் செய்கிறது. இழைகளுக்கு நடுவே ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. அந்த இடைவெளி கொஞ்சம் கூடினால் மா கொட்டும், குறைந்தால் புட்டு வேகாது. இதை முதலில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. என் கண்ணில் அவர் முதல்தரமான வடிவமைப்பாளர்.

பக்கத்தில் குட்டான்கள் குவிந்திருந்தன. காய்ச்சிய பாகை இதற்குள் ஊற்றி ஆறவிடுவார்கள். பிரித்து எடுக்கும்போது பனங்கட்டியின் மேல் பின்னலின் தடம் கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கும். சிறு வயதில் நாக்கால் தடவிப் பார்த்த அந்தக் கட்டங்கள்தான் நான் அறிந்த முதல் அச்சுக்கலை.

சந்தையை விட்டுத் தும்பளைப் பக்கம் திரும்பினால் தெருமூடிமடம். வீதியின் இருபுறமும் உயர்ந்த கல் திண்ணைகள், வீதிக்கு மேலேயே கூரை. இன்றும் சைக்கிளும் ஓட்டோவும் மடத்தின் நடுவால்தான் போகின்றன. திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வழிப்போக்கர் தங்கிய காலத்தில் இங்கே கட்டிலோ கதிரையோ எதற்கு? கையோடு கொண்டுவந்த பாயை விரித்தால் படுக்கை, மடித்தால் ஆசனம், சுருட்டினால் இடம் அடுத்தவருக்கு. நம் பழைய வீடுகளும் இப்படித்தான் இருந்தன. மேசையும் மெத்தையும் வந்த பிறகு பாயின் இடம் சுருங்கியது. பிளாஸ்டிக் பாய் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. சார்வோலையில் பாய் இழைத்தவர்கள் இப்போது விரும்பியோ விரும்பாமலோ மேசைக்கும் சுவருக்கும் இழைக்கிறார்கள்.

அப்படி இழைக்கிற ஒரு அக்காவின் வீடு மடத்துக்கு அப்பால் ஒரு ஒழுங்கைக்குள். மாமர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "இருங்கோ பிள்ளை. இந்த மூலையைத் திருப்பிப்போட்டு வாறன், இடையில விட்டால் நெகிழ்ந்துபோகும்."

அவர் பக்கத்தில் கிடந்த ஓலையைத் தொட்டுப் பார்த்தேன். வடலியில், அதாவது இளம்பனையில், வெட்டிய சார்வோலை, தந்தத்துக்கும் வைக்கோலுக்கும் இடைப்பட்ட நிறம். முற்றிய ஓலை மடிக்கிற இடத்தில் வெடித்துவிடும் என்பதால் அதை வேலிக்கும் கூரைக்கும் விட்டுவிடுகிறார்கள். வெட்டிய சார்வோலையை வெயிலில் காயவைத்து, இரவில் பனியில் போட்டுப் பதப்படுத்தி, ஈர்க்கை நீக்கிவிட்டு, சின்னக் கத்தியால் வார்கிறார்கள். அளவுகோல் எதுவும் அங்கே இல்லை. பெருவிரல் நகத்தை ஓலையில் வைத்துக் கத்தியை இழுத்தார். வார்ந்த ஐந்து இழைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டினார். ஓரங்கள் பிசகாமல் பொருந்தின.

"நல்ல வடலி கிடைக்கிறதா?" என்று கேட்டேன்.

"காணி துப்பரவாக்கிறம் எண்டு எல்லாத்தையும் வெட்டுகினம்" என்றார்.

போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாக யாழ்ப்பாணக் குடாநாட்டில் தறித்த பனைகள் லட்சக்கணக்கில். ஒரு வடலி பனையாக நிமிர்வதற்கு ஒரு தலைமுறையில் பாதி போய்விடும். இருக்கிற வடலியையும் களை என்று வெட்டுவது எனக்குத் தாங்கவில்லை.

தறியில் பாவு நூல் இறுகக் கட்டப்பட்டு அசையாமல் நிற்கும், ஊடை நூல் மட்டும் குறுக்கே ஓடும். ஓலைப் பின்னலில் எந்த இழையும் கட்டப்பட்டதில்லை. பாயை மூலையில் தொடங்குகிறார்கள், இரு பக்க இழைகளும் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வளர்கின்றன. விளிம்பு வந்ததும் இழையை மடித்து உள்ளே திருப்பினால் அதே இழை எதிர்ச்சாய்வில் பயணம் தொடர்கிறது. கத்தரித்த விளிம்பு இல்லாததால் பிரிவதற்கும் வழியில்லை. கடகத்தில் இந்த அறிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் அடி சதுரம், வாய் வட்டம். அடியின் நான்கு மூலைகளிலும் இழைகளின் திசையை மாற்றி மேலே எழுப்புவதால் சதுரம் தானாகவே வட்டமாகிறது. பிறகு உள்ளொன்று வெளியொன்றாக இரட்டையாகப் பொத்தி, வாயைச் சுற்றி மட்டை நாரால் கட்டுவார்கள். மண்ணும் நெல்லும் சுமக்கிற பலம் அந்தப் பொத்தலில் இருக்கிறது.

முற்றத்து மூலையில் சாயம் அவிக்கும் பானை. சாயத்தூளைக் கொதிநீரில் கரைத்து அதற்குள் ஓலையை அவித்து எடுப்பார்கள். கொடியில் காய்ந்த இழைகள் குங்கும ரோசா, கிளிப்பச்சை, ஊதா. கண்ணைக் குத்தும் நிறங்கள் என்று கொழும்பில் சிலர் முகம் சுளிப்பதைக் கேட்டிருக்கிறேன். ஓலையின் வெளிர்நிறத்துக்கு நடுவே ஒரேயொரு ரோசாக் கோடு ஓடும் தடுக்கைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இந்தக் கரைக்குச் சிவப்பு புதிதும் இல்லை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணற்பாங்கான நிலத்தில் தோண்டிய சாயவேர், அதாவது இம்பூறல் வேர், படிகாரம் ஏற்றிய பருத்தித் துணியில் ஆழமான சிவப்பைத் தந்தது. ஒல்லாந்தர் அதைத் தங்கள் ஏகபோக வருமானமாக்கி, வேர் தோண்டுவதை ஒரு சமூகத்தாரின் கட்டாயக் கடமையாக்கினார்கள். அந்தச் சிவப்புக்குள் இருந்த அலிசரினை 1868இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மானும் ஆய்வுகூடத்தில் உண்டாக்கிவிட்டார்கள். பிறகு வேருக்குச் சந்தை இல்லை. தோண்டியவர்களின் கையறிவும் மணலோடு போயிற்று. ஒரு கையறிவு அழிய அரைநூற்றாண்டுகூடத் தேவையில்லை என்பதால்தான் பாய் இழைக்கும் இந்தக் கைகளைப் பற்றிப் பயப்படுகிறேன்.

தெற்கே வேறொரு கதை நடந்தது. பார்பரா சன்சோனி (1928–2022), நல்லாயன் கன்னியர் மடத்துப் பெண்களின் நெசவுக்கு நிறம் சொல்லிக்கொடுக்க அழைக்கப்பட்டவர். அதிலிருந்து 1964இல் 'பெயர்ஃபுட்' கைத்தறி நிறுவனம் பிறந்தது. கைத்தறித் துணி விரிப்பாகவும் தலையணை உறையாகவும் விளையாட்டுப் பொம்மையாகவும் மாறி உலகமெங்கும் போனது. ஈனா டி சில்வாவின் பத்திக் துணியைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பெந்தோட்டை ஹோட்டலின் உட்கூரைக்கே ஏற்றினார். இரண்டு பெண்களும் இலங்கைத் துணிக்குச் செய்தது பெரும் பணி. வடக்கில் 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது, கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் வந்தது, பயிற்சிகளும் விற்பனை நிலையங்களும் வந்தன. ஆனால் ஓலைக்கு ஒரு சன்சோனி வரவில்லை. வடிவமைப்புப் படம் வெளியிலிருந்து வருகிறது, இழைப்பவர் அதன்படி இழைத்துக் கொடுக்கிறார். அக்காவிடமும் அப்படி ஒரு படம் இருந்தது: வட்ட மேசைவிரிப்பு, நடுவில் நட்சத்திரம். சாய்வுப் பின்னலை வட்டமாக வெட்டினால் ஓரமெல்லாம் பிரியும், துணி வைத்துத் தைக்க வேண்டும். "சதுரமாக் கேட்டிருந்தா தையலே வேண்டாம்" என்றார். வரைந்தவர் ஒருநாள் இந்த மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தால் போதும்.

அவர் இழைத்தவை விற்கப்படும் விற்பனை அறைக்கு அவரோடு போனேன். தடுக்குகளில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது: பெரிது, நடுத்தரம், சிறிது. ஒரே அளவில் இரண்டு சதுரங்களை எடுத்தார். ஒன்றில் இழை ஒரு சென்ரிமீற்றர் அகலம், மற்றதில் அதில் பாதி. சீட்டில் விலை ஒன்றுதான்.

"அகலமா வார்ந்தா மத்தியானத்துக்குள்ள முடியும். ஒடுக்கமா வார்ந்தா ரெண்டு நாள் இருக்கோணும்."

கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 சென்ரிமீற்றர் சதுரத்தில் ஒரு சென்ரிமீற்றர் இழை போட்டால் இழைகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் 900. அரைச் சென்ரிமீற்றராக்கினால் 3,600. அகலம் பாதியானால் வேலை நான்கு மடங்கு. ஒவ்வொரு வெட்டிலும் விரல் ஒருமுறை தூக்கி ஒருமுறை அழுத்துகிறது. அளவை மட்டும் பார்த்துப் போடும் விலை, நுணுக்கமாக இழைப்பவரைத் தண்டிக்கிறது. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போவதற்கு நாம் ஆயிரம் காரணம் சொல்கிறோம். இந்தச் சீட்டை அதில் முதலாவதாக வைப்பேன். நூல் எண்ணிக்கை பார்த்துப் படுக்கைவிரிப்புக்கும், அங்குலத்துக்கு எத்தனை முடிச்சென்று பார்த்துப் பாரசீகக் கம்பளத்துக்கும் விலை கொடுக்கிறது உலகம். பனையோலைப் பாய்க்கும் அந்தக் கணக்கைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

சீட்டில் இழை அகலத்துக்கும் ஒரு வரி சேர்த்தால் என்ன என்று பொறுப்பாக இருந்த பெண்ணிடம் கேட்டேன். வாங்க வருபவர்களுக்கு விளங்குமா என்று அவர் தயங்கினார். இரண்டு சதுரங்களையும் மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்தால் யாரும் விளக்க வேண்டியதில்லை என்றேன். அவர் பேனாவை எடுத்தார்.

"எழுதுறதெண்டா வார்ற கூலியையும் சேர்த்து எழுதுங்கோ தங்கச்சி" என்றார் அக்கா. "ஒடுக்கமா வார்ந்தா பத்தில மூண்டு இழை கிழிஞ்சுபோகும். அந்த ஓலைக்கும் நான்தான் காசு குடுக்கிறன்."