பனையிற் கட்டிய கம்பி

இலங்கையில் வானொலி அரசாங்கக் கட்டளையினாற் பிறந்ததன்று. பொழுதுபோக்குக்காகக் கூடிய சிலருடைய ஆர்வத்தினாற் பிறந்தது. தந்தி இலாகாவின் தலைமைப் பொறியியலாளராக 1921இல் வந்து சேர்ந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் ஆங்கிலேயர், தம்மையொத்த ஆர்வலரைச் சேர்த்துக் கம்பியில்லாத் தந்திக் கழகம் ஒன்றைக் கண்டார். கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டு, 1923இல் தந்தி அலுவலகத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து பரீட்சார்த்த ஒலிபரப்பு நடந்தது. 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கிற்று. அக்கரையிலும் அப்படித்தான். சென்னையிலே கிருஷ்ணசாமிச் செட்டியார் முதலியோர் 1924இல் மாகாண ரேடியோ கழகம் அமைத்து ஒலிபரப்பினர். பொருள்முட்டினால் 1927இல் அது நின்றது.

அக்கழகத்தாரின் வழிவந்தவர்களே இன்று ‘ஹாம்’ என்று அழைக்கப்படும் அமெச்சூர் வானொலியாளர். இவர்கள் பாட்டும் செய்தியும் ஒலிபரப்புவோர் அல்லர். தேர்வெழுதி, அரசின் உரிமமும் தமக்கெனத் தனி அழைப்புக்குறியும் பெற்று, ஒருவரோடொருவர் உரையாடுவோர். இலங்கையரின் குறி பெரும்பாலும் ‘4எஸ்7’ என்று தொடங்கும். அதைக் கேட்டவுடன் பிரேசில் நாட்டானும் இவன் இலங்கையன் என்று அறிந்துகொள்வான். வணிகம் பேசுதல் கூடாது, கூலி பெறுதல் கூடாது, மறைமொழி கூடாது. உலகம் முழுவதும் கேட்க வெளிப்படையாகப் பேசவேண்டும்.

நமக்கு இவ்வாசை பிறந்தது இருளிலேதான். 1990க்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. 1991இல் தீவை விட்டுப் பெயர்ந்து வலிகாமத்தில் ஓர் உறவினர் வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தோம். மாலையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதிகட்டையைக் கையாற் சுழற்றுவோம். டைனமோவில் எழும் மின்சாரத்தில் வானொலி பேசும். சுழற்றுவது நம்மைப் போன்ற சிறுவரின் பணி. கேட்பது பெரியோரின் உரிமை. கை ஓய்ந்தால் இலண்டன் ஓய்ந்துவிடும். உடனே ஒரு குட்டும் விழும். அத்துணைத் தொலைவிலுள்ள குரல் இந்தத் தகரப் பெட்டிக்குள் எவ்வாறு நுழைகின்றது என்று அன்று எழுந்த வினாவை ஆசிரியர் எவரும் தீர்த்துவைக்கவில்லை.

போர் 2009இல் முடிந்தபின், கொழும்பில் தொழில் பார்த்த நாட்களில், இலங்கை ரேடியோ சங்கத்தைப் பற்றிக் கேள்வியுற்று அவர்களின் வகுப்பிற் சேர்ந்தோம். நம்மோடு பயின்றவர்களுள் ஓய்வுபெற்ற வங்கியாளர் ஒருவரும் பள்ளி மாணவர் இருவரும் இருந்தனர். ஓமின் விதி, மின்னலை, வானலைச் சட்டங்கள் ஆகியவற்றைப் படித்து, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நடத்தும் தேர்வுக்கு இருத்தல் வேண்டும். மோர்ஸ் தந்திக்குறி தெரிந்தாக வேண்டும் என்ற பழைய சர்வதேச விதி 2003இல் தளர்ந்தது. ஒவ்வொரு நாடும் தன் விருப்பம்போல் வகுத்துக்கொள்ளலாம். ஆயினும் அதை விரும்பிக் கற்றோம். புள்ளியும் கோடுமாகக் கண்ணாற் படிப்போர் என்றும் தேறுவதில்லை. தாளம் போலச் செவியாற் பிடித்தல் வேண்டும். மிருதங்கம் பயின்ற ஒரு மாணவன் எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டது இதனாலேதான்.

உரிமத்தோடு மடத்துவெளிக்குத் திரும்பினோம். பெரியம்மா கருவியைக் கண்டதும் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார். “உந்தக் கம்பி வேலை எங்களுக்கு வேண்டாம், தம்பி. பட்டது காணாதே?” என்றார்.

நாம் விடை கூறவில்லை. ஒரு ‘வாக்கி டாக்கி’ இருக்கின்றது என்ற பேச்சுக்கே வீடு கலங்கிய ஆண்டுகளை அவர் கண்டவர். சட்டம் இடங்கொடுக்கின்றது என்று தாளைக் காட்டினால் அச்சம் போய்விடுமா? உரிமத்தின் பிரதிகளைக் கிராம அலுவலரிடமும் பொலிசாரிடமும் நாமே கொண்டுசென்று கொடுத்தோம். அயலவரை அழைத்துக் கருவியைக் காட்டினோம். மூலத்தைச் சட்டமிட்டு முருகன் படத்தின் பக்கத்தில் மாட்டினோம். பெரியம்மா ஒரு கிழமை அதைப் பார்த்தும் பாராதவர் போலத் திரிந்தார்.

வானலைக் கம்பிக்குக் கோபுரம் வேண்டும் என்பர். பனை நிற்கும் ஊரில் கோபுரம் எதற்கு? ஏழு மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 42 மீற்றர். அதில் பாதியிலும் சற்றுக் குறைவாக, 20 மீற்றர் செப்புக்கம்பி போதும். பனையேறத் தெரிந்த அயலவர் ஒருவர் இரு மரங்களிடையே அதைக் கட்டித் தந்தார். நடுவிலிருந்து வடம் ஒன்று வீட்டுக்குள் வந்தது. கொழும்பு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். நிலத்தையொட்டிச் செல்லும் அலை அங்கு எட்டாது; மேல்நோக்கிச் சென்று அயனமண்டலத்தில் முட்டித் திரும்பும் அலை பகலிலே எட்டும். இரவில் அதே அலை அதற்கப்பாலுள்ள நாடுகளைத் தேடிப் போய்விடும்.

முதல் மறுமொழி தூத்துக்குடியிலிருந்து, அழகிய தமிழில், ஒரு முதியவரிடமிருந்து வந்தது. புங்குடுதீவு என்றதும், “தண்ணீர் நல்லதா?” என்றுதான் கேட்டார். தீவார்க்கு இதைவிட உகந்த வினா உண்டோ! “உவருக்கு எங்கட கிணத்துக் கதை எப்பிடித் தெரியும்?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பெரியம்மா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். உரிமம் நம்முடையதாதலால் அவருடைய வினாக்களை நாமே சுமந்து செல்ல நேர்ந்தது. தூத்துக்குடியில் மழை எப்படி, கருவாடு என்ன விலை என்று பலவும் கேட்டார். விலை விசாரிப்பது வணிகமாகுமோ என்ற ஐயத்தால் கருவாட்டை மட்டும் விட்டுவிட்டோம்.

கைத்தொலைபேசி இருக்க இது எதற்கு என்று கேட்போர் பலர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்து தென்கரையில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, ரேடியோ சங்கத்தின் விக்டர் குணத்திலக்கவும் தோழர்களும் சிற்றலைக் கருவிகளால் அம்பாந்தோட்டையைக் கொழும்போடு இணைத்தனர். அந்தமானிலே, அமெச்சூர் வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேயருக்கு வந்திருந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார், தப்பியோரின் செய்திகளை உறவினர்க்குச் சேர்ப்பித்தார். குறிகட்டுவானில் படகு நின்றுவிட்டால் நெடுந்தீவும் நயினாதீவும் தனித்துவிடும். 2008 நவம்பரில் ‘நிஷா’ புயல் யாழ்ப்பாணத்தை வெள்ளக்காடாக்கியதை இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே நம் கருவிக்கு வீட்டு மின்சாரத்தை நம்பவில்லை. கூரையிலே சூரியத்தகடும், கீழே ஒரு கார் பற்றரியும் வைத்துள்ளோம்.

மாணவர்க்கு ஒரு சொல். கருவி வாங்க அவசரம் வேண்டாம். ஒரு பழைய சிற்றலை வானொலியை எடுத்து, இரவில் மெல்லத் திருகிக் கேளுங்கள். பின்னர்ச் சங்கத்தாரை நாடுங்கள். அவர்கள் ஐயங்களுக்குச் சலியாது விடையளிப்பர், தம் பழைய கருவிகளைப் பற்றியும் சலியாது பேசுவர், அதையும் பொறுத்துக்கொள்ளல் வேண்டும்.

அடுத்த வளவிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மாலையில் வருகின்றாள். மோர்ஸ் குறியில் தன் பெயரை மேசையில் விரலால் தட்டுகின்றாள். அண்மையில் வீசிய சோளகத்தில் மேற்குப் பனையின் முடிச்சுத் தளர்ந்து கம்பி தொய்ந்தது. நாம் அறியுமுன், தூத்துக்குடிக் குரல் மெலிந்துவிட்டதைக் கொண்டு அவளே அதைக் கண்டு சொன்னாள். வரும் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கின்றாள்.