இங்கிலீஷ் நோட்டு வந்த வழி

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் பக்கத்துக் கல்யாணங்களில் முகூர்த்தம் முடிந்து பந்தி ஓடத் தொடங்கியதும் நாதஸ்வரக்காரர் கொஞ்சம் சாவகாசமாக வாசிப்பார். பழைய சினிமாப் பாட்டுகள் வரிசையாக வரும். அப்படி ஒரு வரிசைக்கு நடுவில் ஒருமுறை வேறு மாதிரி ஒன்று வந்தது. குழைவு கிடையாது, கமகம் கிடையாது. ஸ்வரங்கள் போலீஸ் பேண்டு மாதிரி விறைப்பாக நடந்தன. போகப் போக வேகம் பிடித்தன.

"இது யாரு பாட்டுண்ணே?"

"இங்கிலீஷ் நோட்டு தம்பி. மதுரை மணி ஐயர் பாடுனது."

பதில் சரிதான். மணி ஐயர் (1912–1968) கச்சேரியின் கடைசிக்கு வந்துவிட்டால் ரசிகர்கள் விடாமல் கேட்டு வாங்கிய துக்கடா அது. சங்கராபரணத்தில், சாகித்தியம் இல்லாமல், வெறும் ஸ்வரங்களாகவே பாடுவார். ஆனால் அவர் பாடிப் பரப்பினாரே தவிர, அந்த மெட்டு அவருடையதல்ல. அப்படியானால் யாருடையது?

முதலில் சந்தேகம் போனது எட்டயபுரத்தின் மேல். சிவகாசியிலிருந்து தெற்கே இறங்கி, கோவில்பட்டியைத் தாண்டினால் வரும் ஊர். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் காலமானது அங்கேதான். சமாதியும் அங்கேயே இருக்கிறது. தீட்சிதரின் குடும்பம் ஒரு காலத்தில் சென்னைக்கு அருகே மணலியில் இருந்தது. அப்போது கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாசித்த மெட்டுகள் அவர் காதில் விழுந்தன. அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத வரிகள் எழுதினார். நொட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று அவற்றுக்குப் பெயர். இங்கிலாந்தின் ராஜ வாழ்த்து மெட்டுகூட அவற்றில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். இவ்வளவு இருந்தும் கல்யாண வீட்டு நோட்டு இந்தக் குடும்பத்துச் சொத்தல்ல.

தடம் கிடைத்தது மதுரையில், மணி ஐயர் படித்த தியாகராஜ சங்கீத வித்யாலயத்தில். அதைத் தொடங்கி நடத்தியவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். நோட்டை ஆக்கியவரும் அவரே.

பாகவதர் 1877இல் பிறந்தவர். திருநெல்வேலிச் சீமைக்காரர். சின்ன வயதிலேயே தகப்பனை இழந்து, மாமா லட்சுமண சூரியின் அரவணைப்பில் சமஸ்கிருதம் படித்தார். பிறகு சாம்பசிவ ஐயரிடம் ஆண்டுக் கணக்கில் பாட்டுப் பயின்றார். இந்தப் படிப்பு வைதிகமானது; இதில் இங்கிலீஷ் நோட்டுக்கு இடமே இல்லை. இடம் உண்டானது அவர் ஹரிகதைக்குப் போனபோதுதான் என்று எனக்குப் படுகிறது. கதாகாலட்சேபம் செய்பவர் கீர்த்தனையை மட்டும் வைத்துக்கொண்டு இரவை ஓட்ட முடியாது. கதையில் வரும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மெட்டு வேண்டும். மராட்டியிலிருந்து வந்த சாகி, திண்டி, அபங்கம், நம் ஊர்ச் சிந்து எல்லாம் அந்த மேடையில் புழங்கின. 'வள்ளி பரிணயம்' சொல்லிப் புகழ்பெற்ற மனிதருக்கு, எந்தப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல மெட்டு வந்தாலும் வாங்கிப் போட்டுக்கொள்வது தொழிலாகவே ஆகிவிட்டது.

அவர் தொட்ட ராகங்களும் இதையே சொல்கின்றன. வடக்கத்திச் சோகினியின் சாயலில் வந்த ஹம்சானந்தியைத் தெற்கில் பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. மோகனகல்யாணி, கர்ணரஞ்சனி, புதமனோகரி, விஜயநாகரி என்று அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ராகங்களின் பட்டியல் நீளும். நிரோஷ்டா என்றொரு ராகம். அதில் மத்திமமும் பஞ்சமமும் கிடையாது. ம, ப இரண்டும் இல்லாததால் ஸ்வரம் பாடும்போது உதடு ஒட்டவே ஒட்டாது. மைசூரில் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆஸ்தான வித்வானாக இருந்தபோது சாமுண்டேஸ்வரி மேல் 108 கீர்த்தனைகள் செய்தார். மேற்கத்திய சங்கீதத்தில் மோகம் கொண்ட ராஜா அவர். அரண்மனையில் கர்நாடக வாத்தியக் குழுவும் இருந்தது, இங்கிலீஷ் பேண்டும் இருந்தது.

தீட்சிதரையும் பாகவதரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். முன்னவர் வெள்ளைக்காரன் மெட்டை அப்படியே எடுத்து அதற்கு நம் தெய்வங்களின் பெயரைக் கொடுத்தார். பின்னவர் மெட்டைக் கடன் வாங்கவில்லை. அதன் நடையை மட்டும் எடுத்துக்கொண்டு, சங்கராபரணத்தில் சொந்தமாக ஒன்றைக் கட்டினார். வரிகளே இல்லாததால் அது பாடகர் கையிலிருந்து வயலினுக்கும் வீணைக்கும் நாதஸ்வரத்துக்கும் சுலபமாகத் தாவியது.

இதனால் பாகவதரை விளையாட்டுப் பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாது. 1939இல் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் பெயரால் சங்கீதக் கல்லூரி தொடங்கியபோது முதல் முதல்வர் அவர்தான். 1943இல் அவருக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்த 'சங்கீத கல்பத்ருமம்' சாஸ்திரம் பேசும் நூல். அதற்கு 9 ஆண்டுகளுக்கு முன் வந்த 'லவகுசா' பேசும் படத்துக்கு இசையமைத்ததும் இதே பாகவதர்தான்.