களனி ஆற்றங்கரையில் ஒரு நாள்

"ஊர் சுத்தப் போறியளோ? அப்பிடி என்ன கொண்டாட்டம்?"

வவுனியா பஸ் நிலையத்தில் எங்களைக் கண்ட தெரிந்த ஒருவர் இப்படித்தான் கேட்டார். 14 பெண்கள் பைகளோடு நின்றோம். எங்களில் 9 பேர் யுத்தத்தில் கணவரை இழந்தவர்கள். தையல் பயிற்சி, கோழி வளர்ப்பு, சிறுகடன் கூட்டம் என்று எத்தனையோ தடவை இதே இடத்தில் பஸ் ஏறியிருக்கிறோம். அப்போதெல்லாம் யாரும் எங்களை எதுவும் கேட்டதில்லை. இம்முறை பயிற்சியும் இல்லை, கூட்டமும் இல்லை. ஆறு பார்க்கப் போனோம். அதுதான் கேள்வியானது.

நாங்கள் போன இடம் கித்துல்கல. சப்ரகமுவ மாகாணத்தில், கேகாலை மாவட்டத்தில், களனி கங்கை மலையிலிருந்து இறங்கி வரும் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் அமைந்த சிறிய பட்டினம். இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வந்து, காலையில் புறக்கோட்டையிலிருந்து ஹட்டன் செல்லும் பஸ்ஸில் ஏறினோம். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீற்றர் தூரம். அவிசாவளை தாண்டியதும் இறப்பர் தோட்டங்கள் தொடங்குகின்றன. யட்டியாந்தோட்டையைக் கடந்தால் ஆறும் பாதையும் ஒன்றையொன்று விடாமல் கூடவே வருகின்றன. மேலே தேயிலை, கீழே நீர், இடையிடையே கித்துள் மரங்கள்.

யட்டியாந்தோட்டை வந்தபோது நான் யன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன். என் அம்மா பிறந்தது அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில். பதினைந்து வயதிலேயே பால்வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தவர். 1977 வன்செயலில் லயம் எரிந்தபோது உடுத்த உடையோடு வெளியேறிய குடும்பம் அது. 1977, 1981, 1983 என்று ஒவ்வொரு வன்செயலின் பின்னும் மலையகத்தில் இருந்து வடக்கே வந்த எத்தனையோ குடும்பங்களைப் போல, அவர்களும் காந்தீயம் அமைப்பின் உதவியோடு வவுனியாப் பக்கம் குடியேறினார்கள். அதன் பிறகும் எத்தனை முறை இடம்பெயர்ந்தோம் என்று அம்மா எண்ணுவதில்லை. புறப்படும்போது ஒன்று மட்டும் சொன்னார்: "லயத்தப் போயித் தேடாத புள்ள. ஆத்த மட்டும் பாத்துட்டு வா."

கித்துல்கலவில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது படகுக் கடைகள். காற்றடைத்த இறப்பர் படகில், உயிர்காப்பு அங்கியும் தலைக்கவசமும் அணிந்து, பாறைகளுக்கிடையே சுழித்தோடும் நீரில் துடுப்புப் போட்டுக்கொண்டு போவதற்காக வெளிநாட்டாரும் கொழும்பு இளைஞர்களும் இங்கே வருகிறார்கள்.

இந்த ஆற்றைப் பற்றி ஒரு விடயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகிய இரண்டும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. இவ்விரண்டையும் மறித்து மேலே மவுசாகலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களும் லக்ஷபான மின் நிலையங்களும் உள்ளன. இப்போது கித்துல்கலவுக்கு அருகிலேயே 35 மெகாவாட் பிராட்லண்ட்ஸ் மின் நிலையமும் உண்டு. ஆகவே இங்கே மழை பெய்யாமலே நீர் மட்டம் உயரலாம். எப்போது நீர் திறந்துவிடுவார்கள் என்பதைப் படகுக்காரர்கள் அறிந்திருப்பார்கள். அவர்களைக் கேட்காமல் ஆற்றில் இறங்கக் கூடாது.

எங்களோடு முல்லைத்தீவு அக்கா ஒருவர் வந்திருந்தார். 2009 மே மாதத்தில் நந்திக்கடல் நீரைக் கடந்து வந்தவர். அந்த நீரில் அவர் விட்டுவந்ததைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அதன் பின் முழங்கால் அளவு நீரில்கூட அவர் கால் வைத்ததில்லை. "நான் கரையில இருந்து உங்கட பையளைப் பாத்துக்கொள்ளுறன்" என்றார். யாரும் வற்புறுத்தவில்லை.

ஆறு பேர் படகில் ஏறினோம். வழிகாட்டிய சிங்களத் தம்பி தனக்குத் தெரிந்த தமிழில், "பயம் வேணாம் அக்கா, நான் சொல்லும்போது துடுப்பு" என்றான். முதல் சுழியில் படகு தூக்கி அடித்தபோது ஆறு பேரும் ஒன்றாகக் கத்தினோம். அடுத்ததில் சிரித்தோம். பயத்தில் கத்தி, அதன் பிறகு ஒன்றும் நடக்காமல் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று எனக்குத் தோன்றியது.

படகுப் பயணம் முடிந்து, எல்லோருமாக அந்தப் பாலத்தின் இடத்தைப் பார்க்கப் போனோம். 'பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படம் இங்கேதான் எடுக்கப்பட்டது. டேவிட் லீன் இயக்கி 1957 இல் வெளிவந்த அப்படம் 7 ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. படத்துக்காகவே ஆற்றுக்குக் குறுக்கே பெரிய மரப்பாலம் கட்டி, வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்று அங்கே அத்திவாரக் கொங்கிறீட்டின் மிச்சம்தான் இருக்கிறது.

ஆனால் உண்மையான ரயில் பாதை சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே, 1942-43 இல், ஜப்பானிய இராணுவம் 415 கிலோமீற்றர் நீளத்துக்குப் போட்டது. அதில் 12,000 க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் இறந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் இறந்தார்கள். மலாயாவின் இறப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகை. திரும்பி வராத அந்த ஆண்களுக்காகத் தோட்டங்களில் காத்திருந்த பெண்களின் கதை அந்தப் படத்தில் இல்லை. தமிழர்கள் இறப்பர்ப் பால் வெட்டும் ஒரு பள்ளத்தாக்கில் படமெடுத்தும் அந்தக் கதை வரவில்லை. காணாமல் போனவர்களுக்காகக் காத்திருப்பது என்றால் என்னவென்று எங்களில் சிலருக்குத் தெரியும். அந்தக் கொங்கிறீட்டின் பக்கத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

திரும்பும் வழியில் தோட்டத்துப் பெண் ஒருவரைச் சந்தித்தோம். தலையில் கொழுந்துக் கூடை. படகில் போனோம் என்றதும் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "நா பொறந்ததே இங்கதான். இத்தன வருசத்துல ஒரு நாளும் அதுல ஏறுனதில்ல. மலையில நின்னா அவுங்க கத்துற சத்தம் மட்டும் கேக்கும்" என்றார். பணம் மட்டுமா காரணம் என்று கேட்டோம். "நாங்க போனா சிரிப்பாங்கல்ல?" என்றார். வவுனியா பஸ் நிலையத்தில் கேட்ட கேள்விதான் இங்கே வேறு குரலில் கேட்டது.

பாதையோரக் கடையில் கித்துள் பாணியும் கருப்பட்டியும் வாங்கினோம். எங்களுக்குப் பனை எப்படியோ இவர்களுக்குக் கித்துள் அப்படி. பாளையைச் சீவிப் பதநீர் இறக்குவது ஆண்கள். அடுப்படியில் நின்று காய்ச்சுவது பெரும்பாலும் பெண்கள். பனங்கட்டி காய்ச்சும் எங்கள் தங்கச்சி ஒருத்தி, கடைக்கார அம்மாவிடம் பக்குவம் கேட்டாள். இருவருக்கும் மற்றவரின் மொழி அரைகுறைதான். ஆனால் அடுப்புச் சூட்டைக் கையால் காட்டும்போது மொழி தேவைப்படவில்லை.

நேரமிருந்தால் பெலிலெனக் குகைக்கும் போகலாம். 12,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்த இடம் அது. கடற்கரையிலிருந்து அங்கே உப்புக் கொண்டுவந்ததற்கும் சான்றுகள் கிடைத்துள்ளன. கரையும் மலையும் அவ்வளவு காலமாக ஒன்றையொன்று அறிந்திருக்கின்றன.

போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. மே மாதத்துக்குப் பின் தென்மேல் பருவமழை கடுமையாக இருக்கும். 2016 மே மாதத்தில் இதே மாவட்டத்தின் அரநாயக்கவில் மண்சரிவு பல உயிர்களைப் பலிகொண்டதை மறக்க வேண்டாம். புறப்படுமுன் மண்சரிவு எச்சரிக்கைகளைக் கேட்டறியுங்கள். காட்டுப் பாதையில் அட்டை கடிக்கும். உப்பும் சவர்க்காரமும் எடுத்துச் செல்லுங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள்.

மாலையில் பைகளை எடுக்கக் கரைக்கு வந்தோம். பைகள் பாறைமேல் ஒழுங்காக அடுக்கியிருந்தன. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, கணுக்கால் நனைய நீரில் நின்றார். எங்களைக் கண்டதும், "குளிர் தண்ணி" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "தண்ணி நெறைய ஓடுதா?" ஓடுகிறது என்றேன். அடுத்த முறை அவரையும் கூட்டிப்போவதாக இருக்கிறேன். யாராவது பஸ் நிலையத்தில் கேட்டால், "ஓம், ஊர் சுத்தத்தான் போறம்" என்று சொல்வோம்.