ரங்கப்பிள்ளை வீட்டில்

ஜனவரி 9, வெள்ளி

அனுமதிக் கடிதம் கைக்கு வரவே பதினொன்றரை ஆகிவிட்டது. புதுச்சேரி ரங்கப்பிள்ளை வீதியில் ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லை. பெரிய மார்க்கெட் இரைச்சல் வாசல்வரை துரத்துகிறது.

ஆனந்தரங்கப் பிள்ளைக்காக 1738 வாக்கில் எழுந்த வீடு. கீழ்க்கட்டு முழுக்க நம்மூர்த் தச்சன் கைவேலை. செதுக்கிய மரத்தூண்களைத்தான் இன்று வரைய உட்கார்ந்தோம். தண்டுப் பகுதி சுலபமாக வந்தது; உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் இடம் வந்ததும் கூட வந்த மாணவிக்குப் பென்சில் நின்றுவிட்டது. ஒரே தூணுக்கு மூன்று முறை ரப்பர் போட்டாள்.

ஜனவரி 10, சனி

மாடி ஏறினால் வேறு ஊர். மரம் போய், வெள்ளைச் சாந்து பூசிய பிரெஞ்சுப் பாணித் தூண்கள். 'இரு பண்பாடுகளின் சங்கமம்' என்று வருகிறவர்களிடம் எல்லாரும் ஒப்பிக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கீழே குடும்பம், மேலே பிரெஞ்சுக் கம்பெனிக்காரர்கள் கண்ணில் படவேண்டிய அந்தஸ்து, நடுவில் படிக்கட்டு. அவ்வளவுதான்.

அந்த அந்தஸ்து சும்மா வந்ததல்ல. ஆனந்தரங்கரின் மாமா நைனியப்பப் பிள்ளை இதே கம்பெனியின் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். பதவி பறிபோய், சவுக்கடி பட்டு, 1717இல் சிறையிலேயே செத்தார். அவர் மகன் குருவப்பப் பிள்ளை நியாயம் கேட்டுப் பிரான்சுக்கே போய், கிறிஸ்தவராகி, செவாலியே பட்டத்தோடு திரும்பினார். இத்தனையும் பார்த்து வளர்ந்த ஆனந்தரங்கர் அதே ஊரில் இப்படியொரு வீட்டை நிமிர்த்தியிருக்கிறார் என்றால் நெஞ்சழுத்தம்தான். 1747இல் கவர்னர் டூப்ளேவிடம் அவரே தலைமைத் துபாஷியும் ஆனார்.

ஜனவரி 12, திங்கள்

இன்று ஆனந்தரங்கர் இறந்த நாள். 1761இல் ஊர் ஆங்கிலேயர் முற்றுகையில் பட்டினி கிடந்தபோது கண்மூடினார். நாலே நாளில் புதுச்சேரி வீழ்ந்தது. கோட்டையோடு ஊரையும் இடித்துத் தள்ளினார்கள். இந்த வீடு எஞ்சியது.

நேற்று ஞாயிறு, வீட்டிலிருந்து அவருடைய நாட்குறிப்பைப் புரட்டினேன். 1736 செப்டம்பரில் தொடங்குகிறது. கப்பல் வரவு, சரக்கு, கவர்னர் மனைவியின் சூழ்ச்சி, யார் யாரைப் பற்றி யாரிடம் கோள் சொன்னார்கள் என்பதுவரை விடுவதில்லை. வெளியே வாயைக் கட்டிக்கொண்ட மனிதர் காகிதத்தில் கொட்டித் தீர்க்கிறார். நைனியப்பரின் கதி நினைவிருந்தால் எவனும் அப்படித்தான் கணக்கு வைப்பான். இங்கிலீஷில் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. அவருக்குப் பின் சகோதரர் மகன் திருவேங்கடம் பிள்ளையும் குறிப்பு எழுதினார். அந்தக் குடும்பத்துக்கே கை சும்மா இருக்காது போல.

ஜனவரி 13, செவ்வாய்

மாடித் தூண்கள் முடிந்தன. "பிள்ளை எந்த அறையில உட்கார்ந்து எழுதினார், சார்?" என்றாள் மாணவி. குறிப்பில் அவர் அடிக்கடி போய் உட்காருவது பாக்குக் கிடங்கில். ஆளும் சேதியும் அவரைத் தேடி வருவது அங்கேதான். அளவெடுக்க வேண்டிய கட்டடம் அதுதானோ! பொங்கல் கழிந்ததும் பழைய வரைபடங்களில் அதைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.