குதிரையின் வலுவும் கைவண்டியின் வேகமும்

கலைப்பட்டதாரியான எனக்குப் பௌதிகவியலுடனான உறவு பாடசாலையோடு முடிந்துவிட்டது. ஆனாலும் ஒரு சூத்திரம் மட்டும் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. விசையை வேகத்தால் பெருக்கினால் வருவது வலு. தமிழகத்து வாசகர்கள் இதனைத் 'திறன்' என்று படித்திருப்பார்கள். இலங்கைப் பாடநூல்களில் அது 'வலு'. நமது பேச்சில் உடற்பலத்தையும் வலு என்றே சொல்வதால், பலமுள்ளவன் விரைவாகவும் போகவேண்டும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு.

ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் வாட், 1780களில் தமது நீராவி இயந்திரத்தை விற்க முனைந்தபோது, அது எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று சொல்லவேண்டியிருந்தது. 12 அடி ஆரமுள்ள வட்டத்தில் மணிக்கு 144 தடவை சுற்றி ஆலையை இயக்கும் குதிரையை அவர் கணக்கில் எடுத்தார். அதன் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 181 அடி. இழுக்கும் விசை 180 இறாத்தல் என்று கொண்டார். இரண்டையும் பெருக்கி, 33,000 எனச் சற்றே தாராளமாக முழுமைப்படுத்தினார். அதுவே குதிரைவலு, இன்றைய அளவில் ஏறத்தாழ 746 வாட். நாள் முழுவதும் இந்த வலுவைத் தரச் சாதாரணக் குதிரையால் இயலாது. அதுபற்றிக் குதிரைகளை யாரும் கேட்கவில்லை!

மனிதனின் நிலை இன்னும் சிறியது. நல்ல உடலுடைய ஒரு தொழிலாளி நாள் முழுவதும் தொடர்ந்து தரக்கூடியது சுமார் 75 வாட். அதாவது குதிரைவலுவில் பத்திலொரு பங்கு.

கொழும்பு புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் கைவண்டி தள்ளும் நாட்டாமிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மூட்டைகள் ஏற்றிய வண்டியை நகர்த்த 150 நியூற்றன் விசை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் தள்ளினால் செலவாகும் வலு சரியாக 75 வாட். பின்னால் நிற்கும் வாகனக்காரர் ஒலியெழுப்பி, "சோம்பேறி, கெதியாப் போ" என்று அதட்டும்போது அவர் கேட்பது இருமடங்கு வேகத்தை. வண்டியின் பாரம் குறையாததால் அது 150 வாட் ஆகிவிடுகிறது. சில நிமிடங்களுக்கு மனித உடல் அதனைத் தாங்கும். நாள் முழுவதும் தாங்காது. முதலாளி மூட்டைகளை இருமடங்காக்கி, தள்ளும் விசையும் இருமடங்கானால், அதே 75 வாட்டுக்குள் நிற்க வேகம் பாதியாகவேண்டும். இது சோம்பலன்று, பெருக்கல்.

கூலி மூட்டைக் கணக்கில் என்றால் அந்த மனிதரே தம்மை விரட்டிக்கொள்வார். அதற்கு எவருடைய அதட்டலும் தேவையில்லை.

செக்கனுக்கு அரை மீற்றர் என்றால் நூறு மீற்றர்த் தெருவைக் கடக்க 200 செக்கன்கள் செல்லும். அவர் ஓட்டமும் நடையுமாக வேகத்தை இரட்டித்தால் பின்னால் இருப்பவருக்கு மிச்சமாவது 100 செக்கன்கள். குளிரூட்டிய வாகனத்துக்குள் அமர்ந்து அவ்வளவு நேரம் காத்திருக்க எத்தனை வாட் தேவைப்படும்?